மாப்பிள்ளை வீட்டுப் பூனையும் மணல் தொட்டியும்

காவாந்தண்டலம்,
ஆவணி 12, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை வினோத்குமார் அவர்களுக்கு, மாமனார் சடையப்பன் எழுதுவது.

இங்கே நான் நலம், உங்கள் அத்தை சுலோச்சனா நலம், உங்கள் மனைவி சசிரேகா நலம், மாடு கன்று நலம், ஏரியில் கால்வாசித் தண்ணீர் கிடக்கிறது, சொர்ணவாரி அறுத்து நெல் வீடு வந்து சேர்ந்தாயிற்று. அதுபோல் அங்கே கூடுவாஞ்சேரியில் தாங்களும் சம்பந்தி ஐயாவும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாக இருக்க மாகறல் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று என் தகப்பனார் சொல்லிக் கொடுத்திருப்பதால் எல்லோரும் நலம் என்று எழுதினேன். உண்மையில் இந்த வீட்டில் நலமாக இருப்பது ஒரே ஒரு ஜீவன்தான். அது தாங்கள் அனுப்பிவைத்த பூனை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. மாப்பிள்ளையிடம் மாமனார் குரல் ஏறக் கூடாது, அதனால் உட்கார்ந்து எழுதித் தொலையுங்கள் என்று உங்கள் அத்தைதான் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சாய்ந்து உட்கார எனக்கு நாற்காலி கூடக் கிடையாது. அது ஏன் என்பது கீழே வருகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் பூனையைப் பற்றியது மட்டுமே. ஆடி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியும் என் பெண் இங்கேயே இருப்பதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வீட்டார் கொண்டுவந்து விடுவதுதான் தங்கள் பக்கத்து வழக்கம் என்று சம்பந்தி அம்மாள் போனில் சொன்னார்கள். தாங்களும் சசிரேகாவிடம், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம், தனியாக வரத் தெரியாதா என்று கேட்டீர்களாம். அவளும், கூட்டிக்கொண்டு போக வராதவர் வீட்டுக்கு நானாக வந்து நிற்க மாட்டேன் என்றாளாம். அத்தோடு போன் பேச்சும் நின்றுவிட்டது. இரண்டு ஊர் வழக்கமும் நடக்காமல் பெண் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன், எழுதவும் மாட்டேன். பூனைக்கு வருகிறேன்.

ஆடி ஒன்றாம் தேதி சீர்த் தட்டோடு வந்து தங்கள் இருவரையும் ஜோடியாக அழைத்தோம். ஷிஃப்ட் இருக்கிறது, வர முடியாது என்றீர்கள். கம்பெனி வேலை, நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தங்களுக்குப் பதிலாக, பகலெல்லாம் பார்த்துக்கொள்ள சம்பந்தி அம்மாளால் முடியாது என்று பூனையை அனுப்பினீர்கள். வாடகைக் காரின் முன் சீட்டில், மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், அது கூடையில் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வந்தது. கார் தெருவில் திரும்பியதும் நாலு பேர் எட்டிப் பார்த்து, “இன்னா சடையப்பா, மாப்ள வர்லியா?” என்று கேட்டார்கள். “வர்ல, அவரு பூனை வந்துகீது” என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பூனைக்குப் பெயர் பிரின்ஸ் என்றாள் சசிரேகா. பெயருக்கு ஏற்ற நடைதான். வெள்ளை வெளேரென்று, மூக்கு சப்பையாக, தன்னிடம் கடன் வாங்கிய ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. கூடவே நீலக் கலர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அதில் கொட்டுவதற்கு மணல் பாக்கெட் ஒன்று, அது போனதை அள்ளிக் கொட்ட ஓட்டை போட்ட கரண்டி ஒன்று. சசிரேகா அந்தத் தொட்டியைப் பின்கட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஓரமாக வைத்தாள். பூனையும் போய் இரண்டு நாள் சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்துவிட்டு வந்தது. அதை அங்கேயே விட்டிருந்தால் நான் இன்றைக்கு வயலில் இருந்திருப்பேன்.

மூன்றாம் நாள் உங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டாள். “மாப்ள வூட்டு சாமானப் போயி இருட்டு மூலையில வெப்பாங்களா? நாளைக்கி அவங்கம்மா வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? பொண்ணு குடுத்த வூட்ல பூனைக்குக்கூட மரியாத இல்லன்னு சொல்லமாட்டாங்க?” என்று ஆரம்பித்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, மறைக்க மாட்டேன். நானே தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில், தங்கள் கல்யாண போட்டோவுக்கு நேர் கீழே, ஃபேன் காற்று படும்படி வைத்தேன். ஹாலில் வைத்தால் வாடை வருமே என்று அவள் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தாள். கிண்ணத்தில் கற்பூரம் போட்டு வைத்தாள். காலையும் மாலையும் ஊதுவத்தி. வெள்ளிக்கிழமை தொட்டியைச் சுற்றிச் சின்னதாக ஒரு கோலம். சாப்பிட்டுவிட்டு அது அலையக் கூடாது என்று சோற்றுத் தட்டையும் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நல்ல எண்ணம்தான், எல்லாமே நல்ல எண்ணம்தான்.

அது தொட்டிப் பக்கம் ஒரு அடி வைத்தால் போதும், உங்கள் அத்தை அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து நிற்பாள். வந்தவர்களைக் கூட நின்று கவனிப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம், தங்களுக்கே தெரியும், கல்யாணத்துக்கு அடுத்த நாள் தங்களை ஏழு இட்லி சாப்பிட வைத்தாளே. “இன்னா கண்ணு, மணலு போதுமா? ஒக்காரு ராஜா, வெக்கப்படாத” என்பாள். அவள் நிற்பதால் நானும் நிற்பேன். நாங்கள் இரண்டு பேரும் எதைப் பார்க்கிறோம் என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் நிற்பார்கள். அது ஒரு கால் உள்ளே, மூன்று கால் வெளியே என்று நின்று எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்க்கும். பிறகு காலை எடுத்துக்கொண்டு போய்விடும். “ஏம்மா, நீங்க அத்தினி பேரும் பாத்துக்கினு நின்னா அது எப்பிடிம்மா போவும்?” என்று சசிரேகா உள்ளே இருந்து கத்தினாள். “போடி, ஒனக்கு இன்னா தெரியும், மரியாத பண்ணா யாருக்கு ஆவாது?” என்று உங்கள் அத்தை அவள் வாயை அடைத்தாள். அதற்குப் பிறகு அவள் எதிலும் வாய் திறக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்ப்பாள், அல்லது பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள்.

தொட்டிக்குப் போகாத பூனை வேறு எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. அது யோசித்துவிட்டது. அம்மன் கோயில் கூழ் வார்க்கும் விழாவுக்கு நோட்டீஸ் ஐந்நூறு அடித்து, கமிட்டியில் நான் மூத்தவன் என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். கட்டைப் பிரிக்காமல் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முதல் பலி அதுதான். மேலே இருந்த நூறு நனைந்துவிட்டது, கீழே இருந்தது நன்றாகத்தான் இருந்தது, ஆகவே நனைந்ததை வெயிலில் காயவைத்து நானும் கமிட்டி ஆள் ஒருவரும் வீடு வீடாகக் கொடுத்தோம். வாங்கியவர்கள் எல்லோரும் நோட்டீசை மூக்குக்குத் தள்ளியே பிடித்துக்கொண்டு படித்தார்கள். “இன்னாண்ணா, இந்த வருசம் அம்மனே நேர்ல வந்துட்டா மாரி ஒரு வாசன தூக்குது” என்று ஒருவர் கேட்டார். அச்சாபீஸ் மை அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மன் பெயர் போட்ட காகிதத்தைப் பற்றிப் பொய் சொன்னேன், மாப்பிள்ளை, இந்த வயதில்.

மரியாதைக்கென்று உங்கள் அத்தை தினம் புது மணல் மாற்றியதில் தாங்கள் கொடுத்த மணல் பாக்கெட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. ஒருவேளை மணல்தான் பிடிக்கவில்லையோ என்று உமி கொட்டிப் பார்த்தோம். அது தும்மி தும்மி ஹால் முழுக்க உமி பறந்தது. சாம்பல் கொட்டினோம். வெள்ளைப் பூனை சாம்பல் பூனையாகி என் வேட்டியில் வந்து உரசிவிட்டுப் போனது. செய்யாற்று மணல் கொண்டுவரலாம் என்றால் இன்றைக்கு ஆற்றில் ஒரு கூடை மணல் அள்ளினால் என்னைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். கடைசியில் எதிர்வீட்டு தினகரன் மாடி எடுக்க எம்-சாண்ட் கொட்டி வைத்திருக்கிறானே என்று அவனிடம் கேட்டு ஒரு பக்கெட் வாங்கிவந்து தொட்டியில் போட்டோம். பூனை முகர்ந்து பார்த்தது, இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது, நேராக அங்கேயே போய்விட்டது. ஒரு பக்கெட் மணல் கொடுத்தவன் ஒரு லோடு மணலை இழந்தான். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, “இத்த வெச்சி நான் பூச மாட்டேன், கைய வெச்சா பேஜாரா கீது” என்று உட்கார்ந்துவிட்டார். தினகரன் என் வாசலில் வந்து நின்று, “மாமா, உங்க மாப்ள பூனைன்னு பாக்குறேன், இல்லன்னா நடக்கறதே வேற” என்றான். தங்கள் பெயர்தான் பூனையைக் காப்பாற்றியது. என்னைக் காப்பாற்ற ஒரு பெயரும் இல்லை, எல்லா மணலையும் நான்தான் சலித்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுகிறேன். சம்பாவுக்கு எடுத்து வைத்த விதைநெல்லை ஊறப்போடுவதற்கு முன் ஒரு தடவை உலர்த்தலாம் என்று ஹாலில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருந்தேன். மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்து வந்து பார்க்கிறேன், பிரின்ஸ் அவர்கள் குவியலின் உச்சியில் ஏறி, முன்னங்காலால் அழகாகக் குழி பறித்து, உட்கார்ந்து, எழுந்து, மூடிவிட்டு இறங்கி வருகிறார். இந்த மண்ணில் நான்கு தலைமுறையாக நாங்கள் விதைத்திருக்கிறோம், மாப்பிள்ளை. விதைநெல்லின் மேல் செருப்புக் கால் பட்டால் என் தகப்பனார் தொட்டுக் கும்பிடுவார். நான் துண்டை எடுத்து அதன் மேல் வீசினேன், அடிக்கவில்லை, வீசினேன். அது துண்டின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

அது எங்கெங்கே அசிங்கம் பண்ணியதோ அங்கெல்லாம் உங்கள் அத்தை உடனே கழுவிவிட்டுக் கோமியம் தெளிப்பாள். வீட்டில் மாடு இருக்கிறது, கோமியத்துக்கு என்ன குறை. சாமி இருக்கிற வீடு, தீட்டு நிற்கக் கூடாது என்பாள். அவள் தெளித்த இடத்தை அது மோந்து பார்க்கும், காதை மடக்கும், மறுநாள் சரியாக அதே இடத்தில் போகும். அவள் மறுபடி கழுவி மறுபடி தெளிப்பாள். அது மறுபடி போகும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. ஆடிப்பெருக்குக்கு வந்த என் தங்கை வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, “அண்ணா, நீ இன்னா மாட்டுக் கொட்டாய வூட்டுக்குள்ள கட்டிக்கினியா?” என்று கேட்டாள்.

அத்தோடு எனக்குப் பொறுமை போயிற்று. ஆடி இருபத்தொன்றாம் தேதி பூனையைக் கோழிக்கூடையில் போட்டு மூடி, சசிரேகாவின் மடியில் வைத்து, என் மொபெட்டிலேயே உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே சோபியா என்று ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, நல்ல பொறுமை. பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், சிறுநீரில் அடைப்பு இல்லை, கல் இல்லை, காய்ச்சல் இல்லை. பிறகு என்னை விசாரித்தார்கள். தொட்டி எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் சுத்தம் பண்ணுகிறார்கள், எதால் பண்ணுகிறார்கள் என்று கேட்கக் கேட்க நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன், கற்பூரத்தைச் சொன்னேன், கோலத்தையும் விடவில்லை. டாக்டரம்மா ஊசி மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

“ஐயா, பூனை மேல ஒரு தப்பும் இல்ல” என்றார்கள். “எலுமிச்சை வாசனையும் கற்பூர வாசனையும் பூனைக்கு ஆகவே ஆகாது. பூனை வரக்கூடாதுன்னு நெனக்கிற இடத்துலதான் அத வெப்பாங்க. நீங்க தொட்டிக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கீங்க.”

“சோத்துத் தட்டு?”

“நீங்க கக்கூஸ் பக்கத்துல எல போட்டு சாப்பிடுவீங்களா? அதுவும் சாப்பிடாது.”

“நாங்க கூட நின்னு கவனிச்சிக்கினுதானம்மா இருந்தோம்.”

“அதுதான் பெரிய தப்பு. நீங்க போறப்ப நாலு பேரு வந்து நின்னு, நல்லா போங்க ராஜான்னு சொன்னா உங்களுக்கு வருமா?”

நான் பேச்சை மாற்றிக் கோமியத்தைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார்கள். “ஐயா, கோமியம் தெளிச்சா வேற ஒரு பெரிய மிருகம் வந்து இது என் இடம்னு சொல்லிட்டுப் போன மாதிரி அதுக்குத் தோணும். இல்ல, இது என் இடம்னு அது மறுபடி போவும். நீங்க தெளிக்கத் தெளிக்க அது போய்க்கினேதான் இருக்கும்.” சோப்புப் போட்டுக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிட வேண்டும், தொட்டியைச் சந்தடி இல்லாத மூலையில் வைக்க வேண்டும், வாசனை இல்லாத சாதா மணல் இரண்டு அங்குலம் போதும், தினம் அள்ள வேண்டும், தீனியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், முடிந்தால் இரண்டாவதாக ஒரு தொட்டியும் வைக்க வேண்டும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கடைசியில், “கூட இருந்த ஆளு ஒருத்தர் இல்லன்னாலும் அதுக்கு மனசு சரியா இருக்காது. சரியா சாப்பிடாது, மூலையில போயி உக்காந்துக்கும், வாசலப் பாத்துக்கினே இருக்கும்” என்றார்கள். பூனையைப் பற்றித்தான் சொன்னார்கள். சசிரேகா எழுந்து வெளியே போய் மொபெட் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மறுநாள், ஆடி இருபத்திரண்டு, தொட்டி பின்கட்டுக்கே போயிற்று. எலுமிச்சம்பழம் ஊறுகாய் ஜாடிக்குப் போயிற்று. உங்கள் அத்தை முணுமுணுத்துக்கொண்டே வினிகர் வாங்கிவந்து வீடு முழுக்கத் துடைத்தாள். பூனை போய், குழி பறித்து, வேலையை முடித்து, மூடிவிட்டு வந்தது. அன்றைக்கும் சரி, மறுநாளும் சரி, ஆடி முடியும் வரைக்கும் சரி, ஒரு சொட்டு வெளியே இல்லை. நான் டாக்டரம்மாவுக்கு ஒரு பை வெள்ளரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் கடிதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆவணி நாலாம் தேதி காலையில் நாஷ்டா முடித்துவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். ஈரம். பிரம்பு நாற்காலி, என் தகப்பனார் உட்கார்ந்தது, நான் தவிர வேறு யாரும் உட்காராத நாற்காலி. கழுவிக் காயவைத்தேன். மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாள் என் துண்டு. அதற்கு மறுநாள் நான் படித்து முடிக்காத பேப்பர். பிறகு தலையணை, பிறகு செருப்பு, பிறகு மறுபடி நாற்காலி. வாடைகூட முன்னைப்போல் இல்லை, ஒரு மாதிரி புளித்த வாடை, டாக்டரம்மா தீனியை மாற்றச் சொன்னதால் இருக்கும். கவனியுங்கள், மாப்பிள்ளை, என் பொருள் மட்டும்தான். உங்கள் அத்தையின் பொருள் ஒன்றுகூட நனையவில்லை, சசிரேகாவின் பொருள் ஒன்றுகூட நனையவில்லை. அப்படி அதற்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்? கூடையில் போட்டுக் கொண்டுபோனது தப்பா? துண்டு வீசியது தப்பா? ஒருநாள் முழுப் பகலும் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காவல் காத்தேன். அது என் எதிரே உட்கார்ந்து என்னைக் காவல் காத்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போய் வந்தேன், நாற்காலி நனைந்திருந்தது. பூனை இருந்த இடத்திலேயே உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகம், அவ்வளவு நெஞ்சழுத்தம்!

உங்கள் அத்தையிடம் கத்தினால் அவளுக்குக் கவலையே இல்லை. “நான் இன்னா பண்றது? அது மாப்ளயத் தேடுது. அவரு வந்து இட்டுக்கினு போனாத்தான் அடங்கும். எழுதிப் போடுங்க” என்கிறாள். கேட்டால் அதே பதில். கேட்காவிட்டாலும் அதே பதில்.

ஆகவே கேட்டுக்கொள்வது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தயவுசெய்து நேரில் வந்து தங்கள் பூனையைத் தாங்களே அழைத்துக்கொண்டு போக வேண்டியது. நான் கொண்டுவந்து விட மாட்டேன், பூனை விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். தாங்கள் பைக்கில் வந்தால் பின்னால் உட்கார்ந்து கூடையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வழியில் குதித்துவிடும். அப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். இதைப் பூனையின் பாதுகாப்புக்காகச் சொல்கிறேனே தவிர வேறு எதற்காகவும் இல்லை.

எழுத்தில் எங்காவது குரல் ஏறியிருந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளவும். சம்பந்தி ஐயாவுக்கும் அம்மாளுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். தாங்கள் நூறு வயது நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நனையாத நாற்காலியில் உட்கார்ந்து வாழ அம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
கா. சடையப்பன்.

பின்குறிப்பு: எட்டுப் பக்கக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபாலாபீசுக்குப் பாதி வழி போனேன். தங்கள் பின்கோடு எழுதவில்லை என்று ஞாபகம் வந்து வீட்டுக்குத் திரும்பினேன். ஹாலில் உங்கள் அத்தை கையில் செம்போடு என் நாற்காலிக்கு மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பூனை ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னாடி பண்ற?” என்றேன்.

“பாத்தா தெர்லியா? புளிச்ச கழுநீர் ஊத்துறேன்.” ஒரு பதற்றமும் இல்லை அவளிடம், கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அப்ப பூனை?”

“பூனைக்கு இன்னா? டாக்டரம்மா சொன்ன நாள்லேர்ந்து அது சுத்தமா கீது. உங்களவிட சுத்தமா கீது.”

“எதுக்குடி இதெல்லாம்?”

“ஆவணி பொறந்து மூணு நாளும் சொன்னேன். மாப்ளைக்கு ஒரு வார்த்த எழுதுங்க, வந்து பொண்ண இட்டுக்கினு போவச் சொல்லுங்கன்னு சொன்னேன். ‘நானா எழுதணும், மொதல்ல அவரு வரட்டும்’னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு போனீங்க. பொண்ணு சோத்தப் பெசஞ்சி பெசஞ்சி வெச்சிட்டுப் போவுது, அதுக்கு ஒரு வரி எழுதல. நாற்காலி நனஞ்சிது, எட்டுப் பக்கம் எழுதிட்டீங்க.”

  உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

ஆகவே மேலே ஆவணி நாலாம் தேதியிலிருந்து எழுதிய புகார் அத்தனையும் வாபஸ். பிரின்ஸ் அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் அவரைத் திட்டியதுதான் குற்றம். அவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம். பூனைக்காகத் தாங்கள் வரவே வேண்டியதில்லை.

சசிரேகாவுக்காக வாருங்கள். தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் அவள் லேப்டாப்பை மூடிவிட்டு வாசலுக்கு ஓடி வருகிறாள். என்னம்மா என்றால், பூனை வெளியே போய்விட்டதா என்று பார்க்க வந்தேன் என்கிறாள். பூனை அவள் கையிலேயே இருக்கும். தினம் இதைப் பார்த்துக்கொண்டே நான் வழக்கம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வர முடியாவிட்டால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானே அவளையும் பூனையையும் கொண்டுவந்து தங்கள் வாசலில் நிற்கிறேன். யார் முதலில் இறங்கி வந்தது என்று ஊரில் கேட்பார்கள். பூனைக்காக என்று சொல்லிக்கொள்வோம்.